ஊசி கவுண்டரில் அம்மா போட்ட கையெழுத்து

அம்மா போய் இந்த மாதத் திதியோடு ஒரு வருடம் நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், அம்மாவோடு வேலை பார்த்தவர்களுக்கும், ஒக்கலிபுரத்து அக்கம்பக்கத்தாருக்கும் மூத்த மகளாகிய என் வணக்கம். மலரைத் தொகுக்கும் தம்பி, "அக்கா, ரெண்டு பக்கம் போதும். நல்லதா நாலு வார்த்தை எழுது. சண்டை எதுவும் வேணாம்" என்று சொல்லித்தான் பேப்பரைக் கையில் கொடுத்தான். இரண்டு பக்கத்தில் அடங்கவில்லை. சண்டையும் இருக்கிறது. அது யாரோடு என்பது படித்துக்கொண்டே வந்தால் தெரியும்.

என்னைத் தெரிந்தவர்களுக்கு என் குணமும் தெரியும். பால் பாக்கெட் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தால் கடைக்காரர் ஊசி போட்டு உறிஞ்சிவிட்டார் என்பேன். கல்யாண வீட்டில் யாராவது என்னைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் குனிந்து பேசினால், என்னைப் பற்றித்தான் என்று எனக்கு மூக்கில் வேர்த்துவிடும். வேலையும் அப்படியே வாய்த்தது. இன்சூரன்ஸ் ஆபீசில் கிளெய்ம் பார்க்கிறேன், சந்தேகப்படுவதற்கே சம்பளம். வீட்டுக்குள் நுழையும்போதே அம்மா, "வந்துட்டாங்கப்பா சிஐடி" என்பார். நான் கோபித்துக்கொண்டால், "பின்ன என்னா? போலீசுக்குப் போயிருக்கணும் நீ. பாவம், கேஸ்காரங்க தப்பிச்சுட்டாங்க" என்று சிரிப்பார்.

அம்மா பிறந்தது பெங்களூரின் இதே ஒக்கலிபுரத்தில், ரயில் சத்தம் கேட்காமல் தூக்கம் வராத ஒரு ஒண்டுக் குடித்தனத்தில். தாத்தா குடியாத்தம் பக்கத்திலிருந்து மில் வேலைக்கு வந்தவர். ஐந்து பிள்ளைகளில் அம்மா மூன்றாவது. எஸ்.எஸ்.எல்.சி. எழுதி, கணக்கில் மட்டும் இரண்டாவது முறை தேறினார். மில் மூடியபோது அம்மாவுக்குப் பதினெட்டு வயது. மேலே படிப்பதா என்ற பேச்சே வீட்டில் எழவில்லை. பக்கத்து வீட்டு அக்கா ஒருவரோடு பஸ் ஏறி, பீன்யாவில் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் ஹெல்பராகச் சேர்ந்தார். கல்யாணத்துக்கும் எங்கள் இருவர் பிறப்புக்கும் விட்ட மாதங்களைத் தவிர, ஓய்வு பெறும் வரை அதே கம்பெனிதான்.

அப்பா கொரியர் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் இருந்தார். ஒரு மழைக்காலத்தில் யஷ்வந்த்புரம் சர்க்கிளில் வண்டி சறுக்கி இடுப்பு எலும்பு முறிந்தது. இரண்டு வருடம் கட்டிலோடு கிடந்தார். அந்த இரண்டு வருடத்தை அம்மா எப்படி ஓட்டினார் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. காலையில் சமைத்து, அப்பாவுக்கு வேண்டியதையெல்லாம் கட்டிலுக்குப் பக்கத்தில் கைக்கெட்டும்படி வைத்து, எங்களுக்குத் தலைவாரிவிட்டு, மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிப்போய் பஸ் பிடிப்பார். பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார் என்று சொல்லலாம்தான். ஆனால் அம்மா பல்லைக் கடித்து நான் பார்த்ததே இல்லை. பஸ்ஸில் சிரிக்க ஆள் கிடைத்திருந்தார். அவர்தான் ஸ்டெல்லா ஆன்ட்டி.

ஸ்டெல்லா ஆன்ட்டிக்குக் காக்ஸ் டவுன். அங்கிருந்து ஒரு பஸ்ஸில் மெஜஸ்டிக் வந்து இறங்குவார். அம்மாவும் அவரும் சேர்ந்து பீன்யா பஸ் ஏறுவார்கள். யார் முதலில் வந்தாலும் மற்றவருக்குப் பையைப் போட்டு இடம் பிடித்து வைப்பது வழக்கம். இருபது வருடத்துக்கு மேல் இப்படி. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எங்கள் வீட்டுக்கு ஒரு டப்பாவில் கல்கலும் ரோஸ் குக்கியுமாகப் பலகாரம் வரும். பொங்கலுக்கு எங்கள் வீட்டிலிருந்து ஒரு தூக்கு காக்ஸ் டவுனுக்குப் போகும்.

இனி அம்மாவின் வேலையைப் பற்றி. ஹெல்பராகச் சேர்ந்து, டெய்லராகி, செக்கராகி, கடைசியில் ஊசி கவுண்டருக்குப் பொறுப்பாளர் ஆனார். வெளியிலிருப்பவர்களுக்கு இது என்ன பெரிய பதவி என்று தோன்றும். தையல் மெஷினில் ஊசி உடைந்தால் அந்தப் பெண் மெஷினை நிறுத்திவிட்டு, உடைந்த துண்டுகள் அத்தனையையும் பொறுக்கிக்கொண்டு கவுண்டருக்கு வர வேண்டும். கவுண்டரில் இருப்பவர் அந்தத் துண்டுகளை ஒரு ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டி, பக்கத்தில் ஒரு புது ஊசியை வைத்து அளந்து பார்த்து, முழு ஊசியும் வந்துவிட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் புது ஊசி. ஒரு துளி குறைந்தாலும் அந்த மெஷினைச் சுற்றியிருக்கும் துணியெல்லாம் தனியாக எடுத்து வைக்கப்படும். காந்தத்தை வைத்துத் தரையைத் துழாவுவார்கள். அந்தக் கம்பெனியில் தைப்பதெல்லாம் கைக்குழந்தைகளுக்கான உடுப்பு. ஊசி முனை துணியில் தங்கினால் எங்கே போய்க் குத்தும் என்று சொல்லவே வேண்டாம்.

ஊசி உடைந்தால் லைன் நின்றுபோகும். லைன் நின்றால் சூப்பர்வைசர் கத்துவார். அன்றைக்கு முடிக்க வேண்டிய எண்ணிக்கை தலைக்கு மேல் பலகையில் எழுதித் தொங்கும். டெய்லர் பெண்கள் கவுண்டரில் நின்று, "அக்கா, பேக பேக, சீக்கிரம் கொடுங்க அக்கா, திட்டறாங்க" என்று பறப்பார்கள். அம்மா அசைய மாட்டார். "இரு. ஸ்வல்ப இரு. உன் கொழந்தைக்கு வாங்கிப் போடற மாதிரி நெனச்சுக்கோ" என்பார். இதை எல்லோரும் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். அம்மாவின் கவுண்டரில் ஒரு ஊசி தப்பாது என்று மேனேஜரே சொல்வாராம்.

அப்படிப்பட்ட கவுண்டரில்தான் ஒரு ஊசி தப்பியது.

பேக்கிங்குக்கு முன்னால் எல்லா உடுப்பும் ஒரு மெஷின் வழியாகப் போகும். உள்ளே உலோகம் இருந்தால் அது கத்தும். ஒரு நாள் கத்தியது. ஒரு சின்ன கவுனின் கழுத்துத் தையலுக்குள் ஊசி முனை இருந்தது. கட்டி அடுக்கியிருந்த பெட்டிகளை எல்லாம் பிரித்து, இரண்டு நாள் ஒவ்வொரு உடுப்பாகச் சோதித்தார்கள். சரக்கு ஏற வேண்டிய கப்பல் போய்விட்டது. ரிஜிஸ்டரைப் புரட்டினால் அன்றைய தேதியில் முழு ஊசியும் வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறது. கீழே அம்மாவின் கையெழுத்து. ஊசியை உடைத்தது ருக்மிணி என்று ஒரு புதுப் பெண். அந்த லைனுக்கு சூப்பர்வைசர் ஸ்டெல்லா ஆன்ட்டி.

ஒரு வாரத்தில் அம்மாவைக் கவுண்டரிலிருந்து எடுத்து, நூல் பிசிறு வெட்டும் மேஜைக்கு மாற்றினார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஹெல்பராக நின்ற அதே இடம். கவுண்டர் பொறுப்பு யாருக்குப் போனது தெரியுமா? ஸ்டெல்லா ஆன்ட்டிக்கு.

அம்மா வீட்டில் வந்து சாதாரணமாகச் சொன்னார். "என் தப்புதான். எழுதிக் கொடுத்துட்டேன். இனிமே பிசிறு வெட்டற வேல." சொல்லிவிட்டு ரசத்துக்குப் புளி கரைக்கப் போய்விட்டார். தம்பி "பரவால்லம்மா" என்றான். எனக்கு மட்டும் அது செரிக்கவில்லை. தப்பு செய்தவர் இப்படியா பேசுவார்? என் ஆபீசில் தப்பு செய்தவர்களை நான் தினமும் பார்க்கிறேன். மழுப்புவார்கள், அழுவார்கள், அடுத்தவரைக் கை காட்டுவார்கள். செய்யாதவர்தான் இத்தனை அமைதியாக ஒப்புக்கொள்வார், யாரையோ காப்பாற்ற. அல்லது மேலே இருப்பவர்கள் மிரட்டிக் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். எனக்கு இது கண்ணாடி போலத் தெளிவாகத் தெரிந்தது.

"யாரைக் காப்பாத்தற நீ?" என்று கேட்டேன்.

"யாரையும் இல்ல. நான் பாக்கல. அளக்காம சைன் போட்டுட்டேன்."

"இருவது வருஷமா பாத்தவ, அன்னிக்கு மட்டும் ஏன் பாக்கல?"

அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "பாக்கல. அவ்ளோதான். விடுடி" என்றார்.

அந்தப் பார்வையையே நான் சாட்சியாக எடுத்துக்கொண்டேன். ஏதோ மறைக்கிறார் என்று அன்றே முடிவு கட்டிவிட்டேன். மறைத்தார் என்பது உண்மைதான். என்ன மறைத்தார் என்பதில்தான் நான் கோட்டைவிட்டேன்.

அதற்குப் பிறகு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஸ்டெல்லா ஆன்ட்டியைக் கவனிக்க ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமை ஏன் வருகிறார்? முன்பைவிட அதிகமாக ஏன் வருகிறார்? அம்மாவுக்குக் காலில் நீர் கோத்திருக்கிறது என்று தெரிந்ததும் ஒரு ஸ்டூல் வாங்கி வந்து கொடுத்தாரே, அது பாசமா, உறுத்தலா? அம்மாவும் அவரும் சமையலறையில் மெதுவாகப் பேசுவார்கள். நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் உள்ளே போனால் பேச்சு நின்றுவிடும். கணக்கு எனக்கு நேராகவே விழுந்தது. லைன் அவருடையது. எண்ணிக்கையை முடிக்க அவசரப்படுத்தியது அவர். மாட்டிக்கொண்டது அம்மா. நாற்காலி கிடைத்தது அவருக்கு. தம்பியிடம் சொன்னேன். "உனக்கு வேற வேலையே இல்லியாக்கா?" என்றான். ஒருவேளை இவனும் அவர்கள் பக்கமோ என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன்.

மூன்று வருடம் அம்மா அந்த மேஜையில் நின்றபடி நூல் வெட்டினார். பிறகு ஓய்வு பெற்றார். அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் இருக்கும்போது ஒரு சாயங்காலம் ஸ்டெல்லா ஆன்ட்டி டப்பாவோடு வந்தார். அம்மாவும் அப்பாவும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். வீட்டில் நான் மட்டும்தான்.

நான் கேட்டைத் திறக்கவில்லை. உள்ளே நின்றபடியே கேட்டேன். "எங்க அம்மா வேலையப் பிடுங்கிட்டு, வருஷா வருஷம் இனிப்பு வேறயா ஆன்ட்டி?"

அவருக்கு முதலில் புரியவில்லை. "என்னம்மா சொல்றே?" என்றார்.

"எல்லாம் தெரியும் எனக்கு. அம்மா வாயத் தொறக்க மாட்டாங்க, நான் தொறப்பேன். இனிமே இங்க வராதீங்க. போனும் பண்ணாதீங்க. வயசான காலத்துல அவங்களாவது நிம்மதியா இருக்கட்டும்."

பக்கத்து வீட்டில் ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது. ஸ்டெல்லா ஆன்ட்டி கையிலிருந்த டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரிம்மா" என்றார். அந்த ஒரு வார்த்தைதான். சண்டை போடாமல் போகிறாரே, குற்றம் இருப்பதால்தானே என்று அதையும் என் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். அம்மா வந்ததும் யாராவது வந்தார்களா என்று கேட்டார். இல்லை என்றேன்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு டப்பா வரவில்லை. அம்மா இரண்டு மூன்று தடவை போன் செய்து பார்த்தார். "வரேன் வரேன்னு சொல்றா, வர மாட்டேங்கறா. என்னா ஆச்சு இவளுக்கு?" என்று குழம்பினார். அதன் பிறகு அம்மாவுக்கு ஒரு புதுப் போன் வாங்கிக் கொடுத்தேன். பழைய போனிலிருந்த பெயர்களை ஒவ்வொன்றாக நானே ஏற்றினேன். ஒரு பெயரை மட்டும் ஏற்றவில்லை. "தெரியாத நம்பர் வந்தா எடுக்காதம்மா, எல்லாம் ஃபிராடு" என்று சொல்லியும் வைத்தேன். அம்மாவுக்குச் சர்க்கரையால் கண் மங்கத் தொடங்கியிருந்தது. நான் சொன்னபடியே எடுக்காமல் விட்டார்.

கடைசி ஒன்றரை வருடம் அம்மாவுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். ஆட்டோவில் போகும்போது ஒரு கையால் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருப்பார். ஒரு குறையும் சொல்ல மாட்டார். நர்ஸ் பெண்களிடம் கன்னடத்தில் ஊர்க்கதை பேசுவார். அங்கே வேலை பார்த்தவர்கள் எல்லோரும் அவருக்குச் சிநேகம். நான் மட்டும் ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் வேறொரு டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டி, முதல் டாக்டர் ஏமாற்றுகிறாரா என்று விசாரித்துக்கொண்டிருந்தேன். யாரும் ஏமாற்றவில்லை. சிறுநீரகம் இரண்டும் உண்மையிலேயே கைவிட்டுவிட்டன.

போவதற்குப் பத்து நாள் முன்னால் அம்மா சொன்னார். "ஸ்டெல்லாவ ஒருதரம் கூப்புடேன். பாக்கணும் போல இருக்கு."

நான் போனை எடுத்துக்கொண்டு வராண்டாவுக்குப் போனேன். யாரையும் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே வந்து, "எடுக்க மாட்டேங்கறாங்கம்மா" என்றேன்.

"வேலையா இருப்பா" என்றார் அம்மா. இரண்டு நாள் கழித்து மறுபடியும் கேட்டார். மறுபடியும் அதையே சொன்னேன். மூன்றாவது முறை அவர் கேட்கவில்லை.

அம்மாவை எடுத்த அன்று தெருவின் எதிர்ச் சாரியில் ஒரு குடைக்குக் கீழே ஸ்டெல்லா ஆன்ட்டி நின்றிருந்தார். யார் சொல்லி வந்தார் என்று தெரியாது. உள்ளே வரவில்லை. வண்டி கிளம்பும் வரை அங்கேயே நின்றார். நான் அழுதுகொண்டிருந்தேன், அந்த அழுகையிலும், கூட்டத்தோடு உள்ளே வந்திருந்தால் யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள், எல்லோருக்கும் தெரியட்டும் என்றுதான் வெளியே நிற்கிறார் என்று எனக்குத் தோன்றியது. என் புத்தி எந்த லட்சணத்தில் இருந்தது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து, முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். பெயர் ருக்மிணி என்றார். தமிழும் கன்னடமும் கலந்து பேசினார். அந்தப் பெயரைக் கேட்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஊசியை உடைத்தவர்! என் கேஸில் விசாரிக்காமல் விட்ட ஒரே சாட்சி. தண்ணீர்கூடக் கொடுக்காமல் கேள்வியை ஆரம்பித்தேன்.

"அன்னிக்கு என்னா நடந்துச்சு? உண்மையச் சொல்லணும்."

"உண்மைதான் அக்கா சொல்ல வந்தேன்" என்றார். "மூணு துண்டு இருந்துச்சு, அம்மாகிட்ட கொடுத்தேன். நான் புதுசு. முனை கொறையுதுன்னு எனக்குத் தெரியாது. ஆமேல, அப்பறமா, மேனேஜர் என்னைக் கூப்பிட்டாரு. ஊசித் துண்ட மறைச்சுட்டேன்னு எழுது, வேலைய விட்டுப் போன்னாரு. கவுண்டர் மேல தப்பு வந்தா கம்பெனிக்கு அவமானம், புதுசா வந்தவ மேல வந்தா யாரு கேப்பாங்க? அம்மா உள்ள வந்தாங்க. 'அவ கெடச்சதக் கொடுத்தா. பாக்க வேண்டியது நானு. என் பேர்ல எழுதுங்க'ன்னு சொன்னாங்க. ஸ்டெல்லா மேடமும் வந்து, 'லைன் என்னோடது, நானும் சேர்ந்து சைன் போடறேன்'ன்னு அழுதாங்க. அம்மா விடல. 'நீ செய்யாதத நீ எழுதாதே'ன்னு திட்டுனாங்க."

"அப்பறம் கவுண்டர் மட்டும் அவங்களுக்கு எப்படிப் போச்சு?"

"ரெண்டு தரம் பேடா, வேணாம்னாங்க அக்கா. அம்மாதான் ஒக்கார வெச்சாங்க. 'நீ ஒக்காரலன்னா டார்கெட் பாக்கறவன் எவனாவது வந்து ஒக்காருவான். அப்பறம் ஊசி எங்க போகும்?'னு கேட்டாங்க. இப்ப அந்தக் கவுண்டர்ல நான் இருக்கேன்."

நான் நம்பவில்லை. ஸ்டெல்லா ஆன்ட்டி அனுப்பிய ஆளோ என்று பார்த்தேன். நேரடியாகவே கேட்டும்விட்டேன். ருக்மிணி கோபித்துக்கொள்ளவில்லை. போனை எடுத்து ஒரு வீடியோவைத் தேடிக் கொடுத்தார். அம்மா ஓய்வு பெறுவதற்கு முந்தைய மாதம், புதிதாகச் சேர்ந்த பெண்களுக்குப் பயிற்சி நடந்தபோது எடுத்ததாம். ஒவ்வொரு முறை புது ஆட்கள் வரும்போதும், நூல் வெட்டும் மேஜையிலிருந்து அம்மா தானாகவே வந்து பேசுவாராம். யாரும் கூப்பிட்டதில்லையாம்.

அம்மா நீல ஓவர்கோட்டில் நிற்கிறார். குரல் கணீரென்று இருக்கிறது. பாதி கன்னடம், பாதி தமிழ். நான் தமிழிலேயே எழுதுகிறேன்.

"நான் பண்ண தப்பச் சொல்றேன், கேட்டுக்கோங்க. ஊசி மூணு துண்டா வந்துச்சு. டேப்ல ஒட்டிட்டேன். பக்கத்துல புது ஊசி வெச்சு அளக்கணும். அந்த நேரத்துல வீட்டுல இருந்து போன். மேல்வீட்டுக்காரங்க நம்ம சம்புல இருந்து தண்ணி எடுக்கறாங்கன்னு ஒரே ரகள. ஒரு காதுல தண்ணி, ஒரு கையில பேனா. அளக்காமலே முழுசுன்னு எழுதி சைன் போட்டுட்டேன். கொறஞ்சது எவ்ளோ தெரியுமா? ஒரு ரவை. அது கொழந்தையோட கழுத்துல போய் ஒக்காந்துச்சு."

ஒரு பெண் கேட்கிறார்: "போன் பண்ணது யாரு ஆன்ட்டி?"

அம்மா சிரிக்கிறார். "யாரா இருந்தா என்னா? பண்றவங்களுக்கு இங்க ஊசி ஒடஞ்சது தெரியுமா? எடுத்தவ நானு. அப்பறம் பேசறேன்னு வெச்சிருக்கலாம், வெக்கல. பேனா என் கையிலதான இருந்துச்சு?"

நான் அதை மூன்று தடவை போடச் சொன்னேன். வெட்டி ஒட்டியிருக்கிறார்களா என்று பார்த்தேன். யாராவது எதிரில் நின்று சொல்லிக்கொடுக்கிறார்களா என்று அம்மாவின் கண்ணைக் கவனித்தேன். மூன்றாவது தடவைதான் சம்ப் என்ற வார்த்தை என் காதில் சரியாக விழுந்தது.

அந்த போன் நான் செய்தது.

அந்த வாரம் காவிரித் தண்ணீர் சரியாக வரவில்லை. தரைக்கடியில் தண்ணீர் தேக்கும் சம்பைத் திறந்து பார்த்தால் காலி. மேல்வீட்டில் மோட்டார் ஓடும் சத்தம். சும்மா விடுவேனா? கவுண்டரில் ஒரு லேண்ட்லைன் இருந்தது. அவசரத்துக்கு மட்டும் என்று அம்மா கொடுத்துவைத்த எண். அதில் கூப்பிட்டுப் பத்து நிமிடம் கத்தினேன். "நீ வந்து கேக்கறியா, நான் போய் போலீஸ்ல சொல்லட்டுமா?" என்றேன். அம்மா "இரு, இரு, சாயங்காலம் பாத்துக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அடுத்த வாரம் பிளம்பர் வந்து பார்த்தபோது எங்கள் சம்பின் அடியிலேயே விரிசல். தண்ணீரை யாரும் திருடவில்லை. இரண்டு சம்பவமும் ஒரே வாரத்தில் நடந்தன என்பதை நான் ஒரு நாள்கூடச் சேர்த்துப் பார்க்கவில்லை. ஊரில் இருப்பவர்கள் அத்தனை பேரையும் சந்தேகப்பட்டேன். என்னை மட்டும் விட்டுவிட்டேன்.

அம்மா என்னிடம் மறைத்தது அதைத்தான். "அன்னிக்கு மட்டும் ஏன் பாக்கல?" என்று நான் அதட்டிக் கேட்டபோது, "நீ போன் பண்ணினதாலதான்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் வாய் அடைத்துப்போயிருக்கும். சொல்லவில்லை. என் மீது இரக்கப்பட்டு மறைத்தார் என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் வீடியோவில் அம்மாவே சொல்கிறார்: அது அவருக்குக் காரணமாகவே படவில்லை. பேனா அவர் கையில் இருந்தது, அதனால் தப்பு அவருடையது. அவருக்கு அது அவ்வளவு நேரான விஷயம்.

அடுத்த ஞாயிறு காக்ஸ் டவுனுக்குப் போனேன். பஸ்ஸில் போகும்போதே என்ன பேசுவது என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டேன். சர்ச்சுக்குப் பின்னால் ஒட்டினாற்போல் ஒரு வரிசை வீடு. ஸ்டெல்லா ஆன்ட்டி கதவைத் திறந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "வாம்மா. டீ போடறேன்" என்று உள்ளே போய்விட்டார். ஏன் திட்டவில்லை, மனதில் என்ன வைத்திருக்கிறார் என்று அங்கேயும் எனக்குச் சந்தேகம் வந்தது.

டீயைக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். "நெறைய தரம் கூப்பிட்டேன் அவள. நீ கூப்பிடாதேன்னு சொன்ன, ஆனா மனசு கேக்கல. எடுக்கவே இல்ல. சரி, மறந்துட்டா போலன்னு விட்டுட்டேன்" என்றார்.

நான் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கடைசில என்னைப் பத்தி ஏதாவது கேட்டாளா?"

"கேட்டாங்க ஆன்ட்டி."

"நான் ஏன் வரலன்னு என்னம்மா நெனச்சா?"

உண்மையைச் சொல்ல வேண்டிய இடம் அதுதான். சொல்லவில்லை. "வேலையா இருப்பீங்கன்னு சொன்னாங்க" என்றேன். டீயைக் குடித்து முடித்துவிட்டு வந்துவிட்டேன். அன்றிலிருந்து இந்தக் கட்டுரையை எழுத உட்காரும் வரை ஏழெட்டு மாதம் ஓடிவிட்டது. தன் தப்பைச் சொல்ல அம்மாவுக்கு மேனேஜர் அறைக்குப் போக ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

மலரில் நன்றி சொல்ல வேண்டியது முறை. டயாலிசிஸ் பிரிவில் அம்மாவைத் தங்கள் வீட்டுப் பெரியவர்போல் பார்த்துக்கொண்ட நர்ஸ்களுக்கும், எந்நேரம் கூப்பிட்டாலும் முகம் சுளிக்காமல் வந்த ஆட்டோ அண்ணனுக்கும், காரியத்துக்குத் தோள் கொடுத்த தெருக்காரர்களுக்கும், அத்திபெலேயிலிருந்து நேரம் பார்க்காமல் ஓடிவந்த சித்தப்பா குடும்பத்துக்கும், வீடியோவைப் பத்திரமாக வைத்திருந்து கொடுத்த ருக்மிணிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தண்ணீர் விஷயத்தில் நான் ஏசிய மேல்வீட்டுக்காரர் இப்போது ஹெப்பால் பக்கம் குடிபோய்விட்டார். அவர் கைக்கும் இந்த மலர் கிடைத்தால் என்னை மன்னிக்க வேண்டும்.

ஸ்டெல்லா ஆன்ட்டிக்கு நன்றி என்று மட்டும் எழுதினால் அது பொய்யாகிவிடும். எனவே எல்லோர் முன்னிலையிலும் எழுதுகிறேன். அவர் அம்மாவின் வேலையைப் பிடுங்கவில்லை. அவர் அம்மாவை மறக்கவில்லை. கேட்டைத் திறக்காமல் அவரை அனுப்பியது நான். அம்மாவின் போனில் அவர் எண்ணை ஏற்றாமல் விட்டது நான். கடைசிப் படுக்கையில் இருந்த அம்மாவிடம், அவர் போனை எடுக்கவில்லை என்று இரண்டு முறை பொய் சொன்னதும் நான்தான். இதில் அப்பாவுக்கோ தம்பிக்கோ பங்கில்லை. இதைப் படிக்கும்போதுதான் அவர்களுக்கே தெரிகிறது. ஊசி விஷயத்தில் தப்பு என்னுடையது என்று எழுதினால் அம்மா ஒப்புக்கொள்ள மாட்டார். அது அவருடைய கையெழுத்து, அவர் பெயரிலேயே இருக்கட்டும். மற்றதெல்லாம் என்னுடையது.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் இந்தப் பக்கங்களை எடுத்துக்கொண்டு மறுபடியும் காக்ஸ் டவுனுக்குப் போனேன். ஸ்டெல்லா ஆன்ட்டிக்கு இப்போது கண்ணாடி போட்டாலும் எழுத்து தெரிவதில்லை என்பதால் நானே படித்துக் காட்டினேன். படித்து முடிந்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பரவாயில்லை என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொன்னால் அதையும் நம்பியிருக்க மாட்டேன்.

"இத என்கிட்ட ஏம்மா படிக்கற?" என்றார். "அவ கேட்டாள்ல? அவகிட்ட சொல்லியிருக்கணும்."

ஆமாம் ஆன்ட்டி. அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும்.